நவச்சாரம்

பைசாந்தூவில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்.
ஆற்றுக்கு அந்தக் கரை அர்ஜென்டினா,
இந்தக் கரையில் என் மருந்துக்கடை.
கடையின் மூன்றாவது இழுப்பறையில்
பதினேழு கறுப்புப் பொட்டலங்கள்.

எல்லாம் வெய்க்கோ அனுப்பியவை.
பின்லாந்தில் கயானி என்று ஓர் ஊர்,
அங்கே பேருந்துப் பணிமனையில்
பிரேக் பார்க்கிறவர்.
நேரில் கண்டதில்லை.
உறைமேல் அவர் எழுதும் 'நெலிதா' மட்டும்
கோட்டை விட்டு மேலே போகும்,
மேடேறும் வண்டி மாதிரி.

முதல் பொட்டலம் வந்த அன்று
ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.
அதிமதுரமாம்.
மதுரம் பேருக்குத்தான்.
முதலில் உப்பு, அப்புறம் நாக்கைச் சுருட்டும் நவச்சாரம்.
அதை இருமல் மருந்தில்
எத்தனை துளி கலக்கலாம் என்று
பரீட்சை எழுதித் தேறியவள் நான்.
அங்கே ஒரு நாடே
மிட்டாய் என்று சப்பிக்கொண்டிருக்கிறது!

தொட்டியில் துப்பினேன்.
வாய் கொப்பளித்தேன்.
அன்றிரவே எழுதினேன்:
"அருமை. இப்படி ஒரு ருசி கண்டதே இல்லை."
இரண்டாவது வாக்கியம் நிஜம்.

புகழ்ந்த வாய்க்குப் பொட்டலம் நிற்குமா?
இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று வருஷம்.

பதிலுக்கு நான் அனுப்பியது அல்ஃபஹோர்.
இரண்டு மாவு வட்டுக்கு நடுவே
காய்ச்சிக் காய்ச்சிப் பழுப்பேறிய பால்,
ஓரமெல்லாம் தேங்காய்த் துருவல்,
பெட்டியின்மேல் எங்கள் கொடி.
எல்லோரும் அனுப்புவதுதான்.
நான் அதைத் தொட்டு வருஷக்கணக்காகிறது,
பல் கூசும்.

போன சனிக்கிழமைக்கு எத்தனையோ சனிக்கிழமை முன்னால்
கடை மூடும் அவசரத்தில்
பெட்டி உள்ளே ஆடுகிறதே என்று
பையன் வால்தேமார்
கைக்கு அகப்பட்டதைச் செருகி ஒட்டிவிட்டான்.
பத்து நாள் கழித்து இழுப்பறையைத் திறந்தேன்.
பதினாறு.

பெட்டி அதற்குள் கடல் தாண்டியிருக்கும்.

நாற்பது நாள்.
விற்கிற தூக்க மாத்திரையை
நானே பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நாள்.

வந்தது பொட்டலம். அதே பொட்டலம்.
இப்போது பிரித்திருந்தது, ஒன்று குறைந்திருந்தது.
கூடவே, அகராதியைப் பார்த்துப் பார்த்து
ஸ்பானிய மொழியில் எழுதிய சீட்டு:

"நானும் ஒன்று தின்று பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில் இது இரண்டாம் தடவை.
முதல் தடவை பள்ளிக்கூடத்தில், பந்தயத்துக்கு.
வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால்
கடைக்காரி இதைத்தான் எடுத்து நீட்டுகிறாள்.
நெலிதா,
ராத்திரி விளக்குப் போடாமல்
அடுக்களையில் நின்றபடி
நீ எதைத் தின்கிறாய்?
அதை அனுப்பு."

மூன்று நாள் யோசித்தேன்.
துவைக்காத துணியைக் காட்டச் சொன்னது போல்
கூச்சமாக இருந்தது.
பிறகு, பேக்கரியில் முந்தின நாள் மீந்த
கலேத்தா ரொட்டி ஆறு,
கல்லாட்டம் இருப்பதாகப் பார்த்து வாங்கிக் கட்டினேன்.
"மதிப்பு என்ன?" என்றாள் அஞ்சலகப் பெண்.
ஒன்றுமில்லை என்றேன்.
"பூஜ்யம் போட்டால் கணினி ஏற்காது."
ஒன்று என்று போட்டோம்.

அவரிடமிருந்து வந்தது கம்பு நிறத்தில் ஒரு வட்டத் தட்டை,
பிரேக் தட்டு அளவு, நடுவில் துளை.
வரும்போது பதினோரு துண்டு.
கல்லாமேசைமேல் பொருத்திப் பார்த்தேன்,
ஒரு துண்டு குறைந்தது.
மொந்தேவிதேயோ சுங்கத்தில் யாருக்கோ
பசித்திருக்கும்.

உப்புக்கூடப் போடாத ரொட்டி.
வெண்ணெய் தடவி, நின்றபடி, முழுதும் தின்றேன்.
தூளை விரல் நனைத்து ஒற்றி எடுத்தேன்.

இழுப்பறைப் பொட்டலங்கள்?
இந்தக் குளிரில் இருமிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம்
இலவசமாகக் கொடுத்துத் தீர்த்தேன்.
நிம்மதி என்றுதான் நினைத்தேன்.
இன்று காலை
கம்பளி மூட்டை ஏற்றும் லாரிக்காரர்
இருமலே இல்லாமல் வந்து நிற்கிறார்:
"அந்தக் கறுப்பு மிட்டாய்
இன்னும் இருக்கிறதா, அம்மா?
வீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்."

வெய்க்கோ,
இதை உனக்கு எப்படி எழுதுவேன்.